எந்தப் புறநகரில் வீடு பார்ப்பது? – வாசகர் கேள்வி பதில்

வேலை மாற்றத்தால் குடும்பத்தோடு வேறொரு நகரத்துக்குக் குடிபெயர்கிறவர்களிடமிருந்து இம்முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஆறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்தில் உள்ள சிக்கல்தான் மற்றவற்றிலும் வேறு வேறு உருவில் இருப்பதால் அதற்கு மட்டும் பதில் சற்று நீளும்.

கேள்வி: என் கணவருக்கு ஒரு பெருநகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நாங்கள் இருவர், ஒன்பது வயது மகன், நான்கு வயது மகள், முழங்கால் வலியோடு இருக்கும் என் மாமியார் என ஐந்து பேரும் இரண்டு மாதத்தில் அங்கே குடிபோக வேண்டும். கணவர் மூன்று புறநகர்களைக் குறித்து வைத்திருக்கிறார். முதலாவது அவருடைய அலுவலகத்திலிருந்து இருபது நிமிடம். வீடு சிறியது, வாடகையும் அதிகம். இரண்டாவது ரயிலில் முக்கால் மணி நேரம். மூன்றாவது நகரத்தின் விளிம்பில் இருக்கிறது. இரண்டாவது இடத்தின் வாடகைக்கே அங்கே தோட்டத்தோடு பெரிய வீடு கிடைக்கிறது, ஆனால் எங்கே போவதென்றாலும் கார் வேண்டும். எங்களிடம் ஒரு கார்தான் இருக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: சகோதரி, மூன்று இடங்களையும் நீங்கள் கணவரின் அலுவலகத்திலிருந்தே அளந்திருக்கிறீர்கள். ஐந்து பேரில் அந்தப் பயணத்தைச் செய்யப்போகிறவர் ஒருவர்தான். காலையில் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பும் அவருக்கு அந்தப் புறநகர் பெரும்பாலும் தூங்கி எழும் இடம். பகல் முழுவதையும் அங்கே கழிக்கப்போவது நீங்களும் பிள்ளைகளும் உங்கள் மாமியாரும். குடும்பத்தில் யாரால் தன் விருப்பப்படி எளிதில் நகர முடியாதோ, அவரிடமிருந்து அளக்கத் தொடங்குவதே முறை என்பது என் கருத்து.

எனவே வரைபடத்தைச் சற்று நேரம் மூடி வைத்துவிட்டு, நீங்கள் ஐவரும் அங்கே கழிக்கப்போகும் ஒரு சாதாரண வாரத்தை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம். எட்டேகாலுக்கு மகனைப் பள்ளியில் விட வேண்டும். ஒன்பது மணிக்கு மகளை மழலையர் வகுப்பில் விட வேண்டும். பத்தரைக்கு மாமியாருக்கு முழங்கால் சிகிச்சை. பன்னிரண்டுக்கு மகளை அழைத்து வர வேண்டும். மூன்றேகாலுக்கு மகன் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாசலில் நிற்பான். இவ்வளவும் நடக்கும்போது உங்கள் ஒரே கார் கணவருடைய அலுவலகத்தின் வாகன நிறுத்தத்தில் நின்றுகொண்டிருக்கும். மூன்றாவது இடத்தை இப்போது அந்தத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். தோட்டம் எவ்வளவு பெரியதானாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை அங்கே ஓடாது. ஓட வைக்க இரண்டாவது கார் வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் வாடகை வண்டியை அழைக்க வேண்டும். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் ‘அதே வாடகைக்குப் பெரிய வீடு’ என்ற பேச்சு எடுபடாது.

நகர மையத்திலிருந்து விலக விலக வாடகை ஏன் குறைகிறது என்பதற்கு வில்லியம் அலோன்சோ என்ற அறிஞர் 1964-ல் தந்த விளக்கம் இன்றும் நகரப் பொருளியலில் அடிப்படைப் பாடமாக இருக்கிறது. மையத்துக்குப் போய்வர ஆகும் காசும் நேரமும் கூடக் கூட, குடியிருப்போர் இடத்துக்காகக் கொடுக்க முன்வரும் தொகை குறைகிறது என்பதே அதன் சாரம். இந்தக் கணக்கு மனித மனத்துக்கும் பொருந்துமானால், தொலைவில் பெரிய வீட்டில் இருப்பவரும் அருகில் சிறிய வீட்டில் இருப்பவரும் ஏறத்தாழ ஒரே மனநிறைவோடு இருக்க வேண்டும். அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃபிரே என்ற இரு பொருளியலாளர்கள் ஜெர்மானியக் குடும்பங்களிடம் ஆண்டுதோறும் திரட்டப்படும் தகவல்களை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட கட்டுரை இதை மறுக்கிறது: பயண நேரம் கூடியவர்கள் வாழ்க்கையில் தங்களுக்குள்ள நிறைவைக் குறைத்தே சொன்னார்கள், சம்பளமோ வீடோ அதை முழுதாக ஈடுகட்டவில்லை. கூடத்தின் அகலத்தைப் பார்த்த மாத்திரத்தில் மதிப்பிட்டுவிடும் நமக்கு, நாள்தோறும் வந்து சேரப்போகும் அலுப்பை முன்கூட்டி மதிப்பிடத் தெரிவதில்லை போலும்.

இதை வைத்து முதலாவது இடமே சரி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பல நகரங்களின் போக்குவரத்தை 1970-களில் ஆராய்ந்த யாக்கோவ் ஸஹாவியும், அவரைப் பின்பற்றி 1994-ல் எழுதிய இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டியும், மனிதர் பயணத்துக்கு ஒதுக்கும் நேரம் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைச் சுற்றியே நிற்கிறது என்று கண்டார்கள். இரண்டாவது இடத்தில் உங்கள் கணவருக்குப் போக முக்கால், வர முக்கால் என்று ஒன்றரை மணி நேரம் ஆகும். அது சராசரியைத் தாண்டியது என்றாலும், ரயிலில் உட்கார இடம் கிடைத்து, வண்டி மாறாமல் போக முடியுமானால் பலர் பொறுத்துக்கொள்ளும் அளவுதான். ஆனால் அந்த ‘முக்கால் மணி’ யார் சொன்ன கணக்கு என்று கேளுங்கள். வீட்டு விளம்பரத்தில் வரும் நேரம் பெரும்பாலும் நிலையத்திலிருந்து நிலையத்துக்கு உள்ளது. நமக்கு வேண்டியது வீட்டுக் கதவிலிருந்து அலுவலக நாற்காலி வரை உள்ளது. பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும் பாதையில் ஒன்றைத் தவறவிட்டால் பத்து நிமிடம் போகும். நாற்பது நிமிடத்துக்கு ஒன்று ஓடும் பாதையில் அலுவலகத்தில் அன்று காலை நடக்கும் கூட்டமே தவறிப்போய்விடும். தூரத்தைக் காட்டிலும் வண்டிகளுக்கிடையே உள்ள இடைவெளியையும், இரவில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் முதலில் பாருங்கள்.

அடுத்தது நடை. பேருந்து நிறுத்தத்துக்கு 400 மீட்டர், ரயில் நிலையத்துக்கு 800 மீட்டர் வரை மக்கள் நடப்பார்கள் என்பது நகரத் திட்டமிடுவோர் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு. உங்களுக்கு அது ஐந்து முதல் பத்து நிமிட நடை. உங்கள் மாமியாருக்கு அப்படியில்லை. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரை மனத்தில் வைத்தே பல நாடுகளில் சாலை சிக்னல்களின் நேரம் வகுக்கப்பட்டது. 65 வயதைக் கடந்தவர்களை இங்கிலாந்தில் அளந்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆண்களின் சராசரி 0.9 மீட்டர், பெண்களின் சராசரி 0.8 மீட்டர்தான். இருபது மீட்டர் அகலச் சாலையை நீங்கள் பதினேழு நொடியில் கடப்பீர்கள். அவருக்கு இருபத்தைந்து நொடி தேவைப்படும், முழங்கால் வலி வேறு. மருத்துவமனைக்கும் பூங்காவுக்கும் அப்படியொரு சாலையைக் கடந்துதான் போக வேண்டும் என்றால், அவை எவ்வளவு அருகில் இருந்தாலும் அவருக்கு இல்லாததற்குச் சமம். பிள்ளைகள் பெருஞ்சாலையைக் கடக்காமலே பள்ளிக்குப் போகும்படி குடியிருப்புகளை அமைக்க வேண்டும் என்று அமெரிக்க நகரத் திட்டமிடுநர் கிளாரன்ஸ் பெர்ரி 1929-லேயே எழுதினார். வீடு பார்க்கப் போகும்போது அதே கண்ணோடு பாருங்கள்.

உங்கள் மூன்று இடங்களில் நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். ஆனால் ரயில் நிலையம், பள்ளி, மருத்துவர் ஆகிய மூன்றுக்கும் கார் இல்லாமல் போக முடிகிற வீடு அங்கே கிடைத்தால் மட்டுமே. கிடைக்காவிட்டால் ஓர் அறை குறைந்தாலும் பரவாயில்லை என்று முதலாவதற்குப் போய்விடுங்கள். மூன்றாவதை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

கேள்வி: வருமானத்தில் எத்தனை விழுக்காட்டை வாடகைக்கு ஒதுக்கலாம்? முப்பது என்று எல்லோரும் சொல்கிறார்களே?

பதில்: அந்த முப்பதுக்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சி இருப்பதாக எண்ண வேண்டாம். அமெரிக்காவில் அரசு கட்டிய வீடுகளில் குடியிருந்த ஏழைகள் தங்கள் வருமானத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் வாடகை கொடுக்கத் தேவையில்லை என்று 1969-ல் சட்டம் வந்தது. 1981-ல் அந்த வரம்பை 30 ஆக உயர்த்தினார்கள். நிர்வாகத்துக்காக வைத்த வரம்பு நாளடைவில் உலகெங்கும் குடும்பங்களுக்கான அறிவுரையாகிவிட்டது. சிகாகோவிலுள்ள ஓர் ஆய்வு மையம், வாடகையை மட்டும் பார்க்காமல் போக்குவரத்துச் செலவையும் அதோடு கூட்டி, இரண்டும் சேர்ந்து 45 விழுக்காட்டுக்குள் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. புறநகரைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே பொருத்தமான அளவுகோல். வாடகைக்கு 22 விழுக்காடும் இரண்டு காருக்கு 25 விழுக்காடும் கொடுப்பவர், வாடகைக்கு 33 விழுக்காடும் ரயிலுக்கு 5 விழுக்காடும் கொடுப்பவரைவிடச் சிக்கனமாக வாழவில்லை. எரிபொருள், காப்பீடு, பழுதுபார்ப்பு, நிறுத்தக் கட்டணம், காரின் தேய்மானம் ஆகிய எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். தேய்மானத்தைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள்.

கேள்வி: நல்ல பள்ளி இருக்கும் புறநகரை முதலில் தேர்ந்தெடுத்து, பிறகு அங்கே வீடு தேடலாம் என்று நினைக்கிறேன். மூத்தவளுக்குப் பதினாறு வயது, இளையவனுக்கு எட்டு. இது சரியான வழியா?

பதில்: ஐயா, வழி சரிதான். ஆனால் ‘நல்ல பள்ளி’ என்பதைத் தேர்வு முடிவுகளின் தரவரிசையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். வசதியுள்ள, படித்த பெற்றோரின் பிள்ளைகள் மிகுதியாகச் சேரும் பள்ளியில் முடிவுகள் உயர்ந்துதான் இருக்கும். அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்று அந்தப் பட்டியல் சொல்லாது. பள்ளி முடியும் நேரத்தில் வாசலுக்கு எதிரே அரைமணி நேரம் நின்றால் அதைக் காட்டிலும் கூடுதலாகத் தெரியும்: பிள்ளைகள் எந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள், ஆசிரியர்கள் வாசல் வரை வருகிறார்களா, எத்தனை பேர் நடந்து போகிறார்கள், எத்தனை பேர் காருக்காகக் காத்து நிற்கிறார்கள்.

முகவரியை வைத்துப் பள்ளியில் இடம் ஒதுக்கும் முறை பல நாடுகளில் இருக்கிறது. நீங்கள் போகும் இடத்திலும் அப்படியென்றால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே பள்ளி அலுவலகத்துக்கு எழுதி, அந்தத் தெரு அவர்கள் எல்லைக்குள் வருகிறதா, உங்கள் பிள்ளையின் வகுப்பில் இடம் இருக்கிறதா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். எல்லைக்குள் இருந்தும் வகுப்பு நிரம்பிவிட்டதால் அடுத்த பள்ளிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் உண்டு. வாடகையோ ஓராண்டுக்குக் கட்டியாயிற்று.

வயதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் 1994 முதல் 1998 வரை சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிமாற அவர்களில் ஒரு பகுதியினருக்குக் குலுக்கல் முறையில் உதவி செய்தார்கள். அப்படிப் போன பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் 2016-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 13 வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் ஏறத்தாழ 31 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அந்த வயதைக் கடந்து மாறியவர்களுக்குப் பலன் கிட்டவில்லை, சிறிது பாதகமாகவே இருந்தது. பழைய நட்பும் வழக்கமும் அறுபடுவதன் வலி வளர்ந்த பிள்ளைக்கு அதிகம் என்பது அவர்கள் தந்த விளக்கம். உங்கள் குடும்பச் சூழல் வேறு என்பதால் எண்களை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். ஆனால் இடத்தால் நீண்டகாலப் பயன் பெறப்போகிறவன் எட்டு வயது மகன் என்பதையும், இடம் மாறுவதன் விலையைக் கொடுக்கப்போகிறவள் பதினாறு வயது மகள் என்பதையும் மறக்காதீர்கள். அவளுக்குத் தரவரிசையைக் காட்டிலும், இப்போது படிக்கும் அதே பாடத்தைத் தொடர முடிகிற பள்ளியும், துணைக்கு ஆள் இல்லாமல் தானாகவே பேருந்தில் போய்வர முடிகிற இடமும்தான் வேண்டும். முடிவெடுப்பதற்கு முன் அவளையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

கேள்வி: தொலைவிலிருந்தே படங்களைப் பார்த்து வீடு பிடிக்க வேண்டிய நிலை. நேரில் ஒருமுறைதான் போக முடியும். அந்த ஒரே நாளில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: என் கதையைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒரு வீட்டைப் பார்த்தேன். தெருவில் ஈ காக்கை இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், அதற்கப்பால் உயரமான ஒரு மதில். ‘என்ன அமைதி!’ என்று மனைவியிடம் தொலைபேசியில் சொன்னேன். குடிவந்த முதல் திங்கட்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குத்தான் மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. முப்பது நாற்பது பேருந்துகள் வரிசையாக எஞ்சினைக் கிளப்பிச் சூடேற்றிக்கொண்டிருந்தன. ஒப்பந்தக் காலம் முடியும் வரை எங்கள் வீட்டில் யாருக்கும் கடிகார மணி தேவைப்படவில்லை.

ஆகவே ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால் அது வேலை நாளாக இருக்கட்டும். காலையில் பள்ளி திறக்கும் நேரத்தில் ஒரு முறையும் இரவு பத்து மணிக்கு ஒரு முறையும் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். சாலைப் போக்குவரத்தின் ஒலி இரவு நேரச் சராசரியில் 45 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பியப் பகுதிக்காக 2018-ல் வெளியிட்ட வழிகாட்டலில் பரிந்துரைத்திருக்கிறது. ஓயாமல் வண்டி ஓடும் சாலையிலிருந்து இரு மடங்கு தள்ளிப் போனாலும் ஒலி சுமார் 3 டெசிபெல்தான் குறையும் என்பதால், நெடுஞ்சாலைக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கிறது என்ற சமாதானம் பெரிதாக உதவாது. இடையில் வேறொரு கட்டடம் மறைத்து நின்றால் உதவும். படுக்கையறை சாலைக்கு எதிர்ப்பக்கம் அமைந்த வீட்டைத் தேடுங்கள்.

வீட்டுக்குள் போனதும் புதிதாக அடித்த வண்ணத்தைப் பார்க்காமல் சுவரின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். அலமாரிக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், கதவு நிலையின் கால்களில் தரையிலிருந்து ஒரே உயரத்தில் ஒரு மங்கிய கோடு ஓடினால், அது தண்ணீர் நின்ற கோடு. அந்தத் தெருவில் பழைய வீடுகளின் வாசல்கள் மட்டும் ஏன் நாலு படி உயர்ந்திருக்கின்றன என்று அங்கே நெடுநாள் குடியிருப்பவரிடம் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள். ‘நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ என்று யாராவது சொன்னால், அடுத்தது இன்னும் நூறு ஆண்டு கழித்துத்தான் என்று பொருளில்லை. எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். முப்பது ஆண்டு கடன் வாங்கிச் சொந்த வீடு வாங்குபவருக்கு இது ஏறத்தாழ 26 விழுக்காடு ஆகிவிடும்; மூன்று ஆண்டு குடியிருக்கும் உங்களுக்குச் சுமார் 3 விழுக்காடு. வாடகைக்காரர் சற்றுத் துணியலாம்தான். ஆனால் வீட்டுக்காரரின் காப்பீடு பொதுவாகக் கட்டடத்தைத்தான் காக்கும், உங்கள் பெட்டி படுக்கையை அன்று.

எஞ்சியவை எளியவை. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். ஒவ்வோர் அறையிலும் நின்று கைப்பேசியில் பேசிப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர் இருந்தால் இணைய இணைப்பு எத்தகையது என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். நேரில் போகவே முடியாவிட்டால், படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். தெரிந்த ஒருவரை அனுப்பி, கைப்பேசிக் காணொளியில் தெருமுனையிலிருந்து சமையலறை வரை நிறுத்தாமல் நடந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: நம்மவர்கள் மிகுதியாக வாழும் பகுதிக்கே போய்விடலாம் என்கிறார் என் மனைவி. அப்படிப் போனால் பிள்ளைகள் புதிய ஊரோடு ஒட்ட மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டும் சரிதான், ஆனால் முதல் ஆண்டுக்கு உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். உடம்பு சரியில்லாத நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு, எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்று சொல்ல ஒருவர், வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு மாலையில் தாய்மொழியில் பேச ஒரு துணை ஆகியவை வாடகை விளம்பரத்தில் வராத வசதிகள். அதே வேளையில், வேலை பற்றிய செய்தி நெருங்கிய உறவினரைக் காட்டிலும் எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்கள் வழியாகவே மிகுதியாக வந்து சேர்கிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எடுத்துக் காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும் அல்லவா? ஆகவே நம்மவர்கள் நடுவிலேயே வீடு பிடிக்க வேண்டும் என்பதில்லை. அவர்கள் இருக்கும் இடத்துக்கு ஒரே பேருந்தில் அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றால் போதும். உங்கள் பிள்ளைகள் எங்கே ஒட்டுவார்கள் என்பதைத் தெருவைக் காட்டிலும் பள்ளியும் விளையாட்டுத் திடலும்தான் முடிவு செய்யும்.

கேள்வி: போன உடனேயே ஓராண்டு ஒப்பந்தம் போடுவதா, சில வாரம் தற்காலிகமாகத் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்வதா?

பதில்: கையில் பணமும் பள்ளி தொடங்கும் நாளும் இடம் கொடுத்தால் நாலு முதல் ஆறு வாரம் தற்காலிகமாகத் தங்குங்கள். தங்கும் இடத்தை உங்கள் பட்டியலில் முதலில் நிற்கும் புறநகரிலேயே பிடியுங்கள்; நகர மையத்தில் தங்கினால் மையத்தைப் பற்றித்தான் தெரிந்துகொள்வீர்கள். ஆண்டின் நடுவே பள்ளி மாற்ற நேரும் என்றால் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அப்போது நேராக ஒப்பந்தத்துக்குப் போங்கள். ஆறு மாதத்துக்குப் பின் முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேறும் உரிமை, அதற்கு எத்தனை வார முன்னறிவிப்பு, அப்படி வெளியேறினால் முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் வாடகையில் சிறிது கூட்டிக் கொடுத்தாவது வாங்கப் பாருங்கள். சாவி கைக்கு வந்த அன்றே, பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன், ஒவ்வோர் அறையையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஆணித் துளைகளையும் சேர்த்து எடுங்கள்.